உறவை நிரூபித்தால்தான் பதிவு தருவார்களாம். பதிவு இல்லாமல் உறவை எப்படி நிரூபிப்பது?

#1 வேர்தேடி

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டதால் எழுதுகிறேன்.

என் அப்பாவின் பாட்டி இறந்து எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பெயர் தெரியும், இறந்த வருடம் ஏறக்குறையத் தெரியும். அவருடைய பெற்றோர் யார், கூடப் பிறந்தவர்கள் யாராவது இருந்தார்களா என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. "எங்க பாட்டி யாரு வீட்டுப் பொண்ணுன்னு தெரியாமலே போயிடுவேன் போல" என்று அப்பா ஒரு நாள் சொன்னார். அவருக்கு வயதாகிவிட்டது. அன்றிலிருந்துதான் தேட ஆரம்பித்தேன்.

இறப்புப் பதிவின் நகல் கேட்டு விண்ணப்பித்தேன். நேரடி வாரிசு என்பதற்கு ஆதாரம் கொடு என்று பதில் வந்தது. கொள்ளுப்பேரன் என்று எழுதினேன். அப்படியானால் நடுவில் உள்ள ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். என்னுடையது இருக்கிறது, அப்பாவுடையதும் இருக்கிறது. தாத்தாவுடையது இல்லை. அதை வாங்கலாம் என்று போனால், தாத்தாவின் பதிவைப் பெறவும் அவருக்கும் எனக்கும் உள்ள உறவை அவர்கள் சொல்லும் ஆவணங்களாலேயே நிரூபிக்க வேண்டுமாம். கவுன்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் மூன்று முறை போயும் வெறுங்கையோடுதான் திரும்பினேன்.

இறந்துபோன ஒருவரின் பதிவை இத்தனை வருடம் கழித்தும் பூட்டி வைப்பதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. யாராவது இதைத் தாண்டி வந்திருக்கிறீர்களா?

---

#2 தாள்வாசனை

நண்பரே, நீங்கள் சொல்லும் இந்தச் சுற்றில் நானும் இரண்டு வருடம் சுற்றியிருக்கிறேன். முதலில் ஒன்றைச் செய்யுங்கள். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் சட்டம் ஒன்று சொல்லும், கவுன்டரில் பழக்கம் வேறாக இருக்கும். எழுத்தில் பதில் தர வேண்டும் என்றதும் விதியைத் தேடிப் பார்ப்பார்கள். சில நேரம் அந்த விதியே இருக்காது.

இரண்டாவது விஷயம். பதிவுகளைத் திறப்பதில் உலகம் முழுக்கப் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. ஒன்று, கேட்பவர் யார் என்று பார்ப்பது. மற்றது, பதிவாகி எத்தனை வருடம் ஆனது என்று பார்ப்பது. உங்கள் அலுவலகம் முதல் வழியில் நிற்கிறது.

ஜெர்மனி இப்படித்தான் இருந்தது. நாடு முழுக்க 1876-இல் தொடங்கிய சிவில் பதிவேடுகள் (அரசே எழுதும் பிறப்பு, திருமண, இறப்பு ஏடுகள்) அங்கே இருந்தன. ஆனால் கணவன் மனைவி, முன்னோர், நேர் வாரிசு தவிர மற்றவர்கள் அந்தப் பதிவு சட்டப்படி தங்களுக்குத் தேவை என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. கூடப் பிறந்தவர்களுக்குக்கூட அதே நிலைமைதான். 2009 ஜனவரி 1 முதல் அது மாறியது. பிறப்புக்கு 110 வருடம், திருமணத்துக்கு 80, இறப்புக்கு 30 என்று காலக்கெடு வந்தது. அந்தக் கெடு முடிந்ததும் ஏடு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். அதன்பிறகு நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் கொள்ளுப்பாட்டியின் பதிவு அங்கே இருந்திருந்தால் ஐம்பது வருடம் முன்பே திறக்க வேண்டிய வயது அதற்கு.

இங்கிலாந்து இன்னும் எளிது. 1837 முதல் பதிவு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் யாருடைய சான்றிதழையும் கட்டணம் கட்டி வாங்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

---

#3 பழைய_ஏடு

இந்த இழையில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். வேர்தேடி தம்பியின் வருத்தம் நியாயமானது. ஆனால் கவுன்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒரு முறை ஒருவர் வந்தார். குடும்ப வரலாறு எழுதுவதாகச் சொன்னார். ஒரு பெண்ணின் பிறப்புப் பதிவைக் கேட்டார். ஏட்டைத் திறந்து பார்த்தேன். தகப்பன் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. அந்தப் பெண் அப்போது உயிரோடு இருந்தார், கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தார்கள். கேட்டவர் உறவினர் அல்ல, சொத்துத் தகராறில் எதிர்த்தரப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு கோட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருப்பார் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். நகல் கொடுக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதும் இல்லை.

சட்டம் எழுதியவர்கள் இதை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி கையாளவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1841 முதல் மாநில அளவில் பதிவு இருக்கிறது, பெரும்பாலானவை பொதுமக்களுக்குத் திறந்தவை. ஆனால் திருமண உறவுக்கு வெளியே பிறந்த குழந்தையின் பதிவுக்கு மட்டும் கட்டுப்பாடு. இந்தியாவின் 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, யார் வேண்டுமானாலும் பதிவேட்டில் தேடச் சொல்லிக் கேட்கலாம் என்று வைத்தது. ஆனால் இறப்புப் பதிவில் இருந்து எடுத்துக் கொடுக்கும் தாளில் மரணத்துக்கான காரணத்தை வெளியிடக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. தற்கொலை, தொற்றுநோய் என்று எழுதியிருக்கும் கட்டத்தை நினைத்துத்தான் அப்படி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். முழு ஏட்டையும் மூடாமல் ஒரு கட்டத்தை மட்டும் மூடுவது எனக்கு எப்போதுமே சரியாகப் பட்டிருக்கிறது.

---

#4 கடிகாரமுள்

பழைய_ஏடு ஐயா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன். நான் கணினிப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்ப்பவன். பிறந்த தேதி, பிறந்த இடம், தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் ஆகிய மூன்றும் ஒரே தாளில் இருப்பது பிறப்புச் சான்றிதழில்தான். இன்னும் எத்தனையோ சேவைகளில் இவற்றைக் கேட்டுத்தான் ஆளை உறுதிப்படுத்துகிறார்கள். சிறு வயதிலேயே இறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வாங்கி, அந்தப் பெயரில் பாஸ்போர்ட் எடுக்கும் மோசடி மிகப் பழையது.

இதனால்தான் அமெரிக்காவில் மாநிலங்கள் பார்த்துப் பின்பற்ற எழுதிய மாதிரிச் சட்டத்தின் 2011 திருத்தம், பதிவை மூடி வைக்கும் காலத்தைப் பிறப்புக்கு 125 வருடம், திருமணத்துக்கு 100, இறப்புக்கு 75 என்று நீட்டச் சொன்னது. நியூயார்க் நகரம் 2018-இல் பிறப்புக்கு 125, இறப்புக்கு 75 என்று விதி கொண்டுவந்தது. உயிரோடு இருப்பவர்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நீண்ட காலக்கெடு தேவைதானே?

---

#5 தாள்வாசனை

கடிகாரமுள், பிறப்பு பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். உயிரோடு இருப்பவரின் பிறப்புப் பதிவை இணையத்தில் போடு என்று நான் கேட்கவே இல்லை. இறப்புக்கு 75 வருடம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

நீங்கள் சொன்ன அதே மோசடியை எடுத்துக்கொள்வோம். குழந்தை இறந்த விஷயம் வெளியே தெரியாமல் இருப்பதால்தான் அது நடக்கிறது. இறப்பு அட்டவணை (இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல்) திறந்திருந்தால் அந்தப் பெயரில் விண்ணப்பம் வந்ததுமே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் (அரசு ஓய்வூதியத்) துறை வைக்கும் இறப்பு அட்டவணையை வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இப்படித்தான் பயன்படுத்தின. 2013-இல் வந்த ஒரு பட்ஜெட் சட்டத்தால், இறந்து மூன்று காலண்டர் வருடம் ஆகும்வரை அந்த விவரம் பொதுமக்களுக்குக் கிடையாது என்று ஆகிவிட்டது. தகுதிச் சான்று பெற்றவர்களுக்கு மட்டும் கிடைக்கும். குடும்ப வரலாறு தேடுபவர்களுக்கு அந்த மூன்று வருடம் பெரிய இழப்பு இல்லை. ஆனால் "மறைத்தால் பாதுகாப்பு" என்ற எண்ணம் அப்படியே பரவி 75 வருடம் வரை போய்விடுகிறது.

பிரான்ஸ் நேர் எதிர்த் திசையில் போனது. அங்கே பிறப்பு, திருமணப் பதிவுகளுக்கு 75 வருடம் காத்திருக்க வேண்டும். 2008-க்கு முன்பு அது 100 வருடமாக இருந்தது. இறப்புப் பதிவுக்குக் காத்திருப்பே கிடையாது. 2019 டிசம்பரில் அவர்களுடைய புள்ளியியல் நிறுவனம் 1970 முதல் இறந்தவர்களின் பெயர்க் கோப்பை அப்படியே பொதுவில் வைத்தது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி அதற்கு முன்பே, 2018 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த விதியின் முன்னுரையே இறந்தவர்களின் விவரத்துக்கு இது பொருந்தாது என்கிறது. வம்சாவளி ஆராய்ச்சியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்த விதியைக் காட்டி நூறு வருடத்துக்கு முன் இறந்தவரின் பதிவை மறுக்கும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். விதியைப் படிக்காமலேயே காட்டுகிறார்கள்.

பயம் அடையாள மோசடி பற்றியது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கலிஃபோர்னியா 2003 முதல் உரிமை இல்லாதவர் கேட்டாலும் நகல் தருகிறது. ஆனால் தாளின் மேலேயே "தகவலுக்கு மட்டும், அடையாளத்தை நிறுவச் செல்லாது" என்று அச்சிட்டுத் தருகிறது. எனக்குத் தேவை என் முன்னோரின் பெயர். அந்தத் தாளால் பாஸ்போர்ட் எடுக்க முடியாமல் போனால் எனக்கு என்ன நஷ்டம்?

---

#6 நிழல்மரம்

எல்லோரும் மூன்றாம் நபரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் பதிவு எனக்கே மூடியிருந்த கதையைச் சொல்கிறேன்.

நான் தத்துப் பிள்ளை. வளர்த்தவர்கள் மறைக்கவில்லை, அன்புக்கும் குறைவில்லை. தத்தெடுத்தபோது புதிய பிறப்புச் சான்றிதழ் ஒன்று எழுதினார்கள். பழையது முத்திரை வைத்து மூடப்பட்டது. நான் பிறந்த அன்று முதன்முதலாக என்னைப் பற்றி எழுதிய தாள் அது. நாற்பது வயதுவரை என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு முறை மருத்துவர் "குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா?" என்று கேட்கும்போதும் "தெரியாது" என்று சொல்வேன். அவர் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்.

இது மாற்ற முடியாத விஷயம் இல்லை. ஸ்காட்லாந்தில் 1930 சட்டமே 17 வயது ஆன தத்துப் பிள்ளை தன் அசல் பதிவைப் பார்க்க அனுமதித்தது. இங்கிலாந்தில் 1975-இல் சட்டம் வந்தது. நியூயார்க் மாநிலத்தில் 2020 ஜனவரியில்தான் கதவு திறந்தது, அயர்லாந்தில் 2022-இல். இந்த வருடங்களுக்கு நடுவில் எத்தனை பேர் கேட்டுக் கேட்டே இறந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பழைய_ஏடு ஐயா, நீங்கள் காப்பாற்றிய அந்தப் பெண்ணின் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது. நீங்கள் செய்தது சரி. ஆனால் அந்தப் பெண்ணே வந்து கேட்டிருந்தால்? அவர் பேத்தி ஐம்பது வருடம் கழித்து வந்து கேட்டால்?

---

#7 பழைய_ஏடு

நிழல்மரம் அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு நாளாக யோசித்தேன். அந்தப் பெண்ணே வந்திருந்தால் கட்டாயம் காட்டியிருப்பேன். பேத்தி வந்தால், அந்தப் பெண் இறந்துவிட்டார் என்றால், காட்டத்தான் வேண்டும். அதற்குச் சட்டத்தில் தெளிவான தேதி இருந்திருந்தால் எங்களைப் போன்றவர்கள் ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்காது. ஆளைப் பார்த்து முடிவெடுப்பது தவறு. நானும் அதைச் செய்திருக்கிறேன். நன்றாக உடுத்தி வந்து ஆங்கிலத்தில் பேசியவருக்குச் சீக்கிரம் கிடைத்ததும் உண்டு.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. நூறு வருடம் மூடி வைக்கிறோம் என்றால் நூறு வருடம் அந்த ஏடு உயிரோடு இருக்க வேண்டும். அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் 1922-இல் உள்நாட்டுப் போரில் எரிந்தது. பல நூற்றாண்டு ஆவணங்கள், நிறைய ஊர்த் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் எல்லாம் போயின. 1864-இல் தொடங்கிய எல்லா மதத்தினருக்குமான சிவில் பதிவேடுகள் வேறு இடத்தில் இருந்ததால் தப்பின. இன்று அவற்றின் பழைய பக்கங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

எங்கள் அறையில் எரியவில்லை, ஆனால் ஈரம் இருந்தது. ஒரு ஏட்டைத் திறந்தால் நடுப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பலகை மாதிரி இருக்கும். பிரிக்கப் பார்த்தால் மை எதிர்ப் பக்கத்தோடு போய்விடும். யாரும் கேட்காத ஏடு என்பதால் யாரும் திறப்பதில்லை. திறக்காததால் கெட்டுப்போனதும் தெரிவதில்லை. அடிக்கடி கேட்கப்படும் ஏடுகளுக்குத்தான் முதலில் ஸ்கேன் எடுத்தோம், அவைதான் பிழைத்தன.

இனி தம்பிக்கு வேலைக்கு ஆகிற விஷயம். விண்ணப்பத்தில் "சான்றிதழ்" என்று கேட்காதீர்கள். "பதிவேட்டுப் பக்கத்தின் முழு நகல்" என்று கேளுங்கள். சான்றிதழ் என்றால் கணினியில் தட்டச்சு செய்த தாள் வரும், அதில் பாதிக் கட்டம் இருக்காது. ஏட்டில் "தகவல் தந்தவர்" என்று ஒரு கட்டம் உண்டு. இறப்பை வந்து சொன்னவர் யார், இறந்தவருக்கு அவர் என்ன உறவு, எங்கே குடியிருக்கிறார் என்று எழுதியிருக்கும். குடும்ப வரலாறு தேடுபவருக்கு மொத்தப் பக்கத்திலும் அதுதான் தங்கம். ஓரக் குறிப்பையும் விடாமல் கேளுங்கள். பெயர்த் திருத்தமெல்லாம் அங்கேதான் இருக்கும்.

---

#8 வேர்தேடி

ஐயா, மனமார்ந்த நன்றி. தகவல் தந்தவர் கட்டம் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. எழுத்தில் விதி கேட்டு மனு கொடுத்துவிட்டேன். பதில் வரும்வரை வேறு ஏதாவது வழி உண்டா? சரியான தேதி இல்லாமல் கேட்டால் "தேட முடியாது" என்கிறார்கள்.

---

#9 தாள்வாசனை

தேதிக்கு இறப்புப் பதிவேட்டையே நம்பி இருக்காதீர்கள். ஒரு சாவு நிறைய இடத்தில் எழுதப்படுகிறது. இடுகாட்டு அலுவலகத்தில் ஒரு ஏடு இருக்கும், பெரும்பாலும் அங்கே யாரும் உறவுச் சான்று கேட்பதில்லை. வழிபாட்டுத் தலத்தின் ஏடு, செய்தித்தாளின் மரண அறிவிப்பு, ஓய்வூதியம் நின்ற கடிதம், நிலம் கைமாறிய பத்திரம், எல்லாவற்றையும் பாருங்கள். 1938 முதல் உலகம் முழுக்கப் பதிவேடுகளை மைக்ரோஃபிலிம் எடுத்து வந்த ஃபேமிலிசர்ச் நிறுவனம் 2021-இல் சுமார் 24 லட்சம் சுருள்களை ஸ்கேன் செய்து முடித்திருக்கிறது. பெயர் போட்டுத் தேடி வரவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். அட்டவணை போடாத படங்கள் நிறைய இருக்கின்றன. இடம் வாரியாகத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அட்டவணை. நான் எல்லோரிடமும் கேட்பது இதைத்தான்: பதிவைத் தர முடியாவிட்டால் பெயர் அட்டவணையையாவது திறந்து விடுங்கள். இங்கிலாந்தின் பழைய பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் 1911-க்குப் பிறகுதான் வரும். 2016-இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் அதை 1837 வரை பின்னோக்கிச் சேர்த்தார்கள். அந்த ஒரு கட்டம் சேர்ந்ததும், ஒரே தம்பதிக்குப் பிறந்து சிறு வயதிலேயே இறந்துபோன, குடும்பத்தில் யாரும் பேசாத குழந்தைகளைப் பலர் கண்டுபிடித்தார்கள். சான்றிதழ் ஒன்றுகூட வாங்காமலே.

எழுத்துப் பிழையையும் மனதில் வையுங்கள். உள்ளூர்ப் பதிவாளர் எழுதியது ஒன்று, தலைமை அலுவலகத்துக்குப் பார்த்து எழுதி அனுப்பிய நகல் இன்னொன்று. பார்த்து எழுதும்போதுதான் பெயர்கள் மாறுகின்றன. ஒரு இடத்தில் இல்லை என்றால் மற்ற இடத்தில் கேளுங்கள்.

---

#10 கடிகாரமுள்

இந்த இழை ஆரம்பித்தபோது நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். இறப்பையும் பிறப்பையும் ஒரே கண்ணால் பார்த்தது என் தவறு. நியூயார்க் நகர ஆவணக் காப்பகம் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் படங்களை 2022-இல் இலவசமாக இணையத்தில் வைத்தது என்பதையும் இப்போதுதான் படித்தேன். காலக்கெடுவை நீட்டிய அதே நகரம்தான். நீட்டியதற்கு முன்பே காப்பகத்துக்குப் போயிருந்த ஏடுகள் என்பதால் அவை தப்பித்திருக்கின்றன. பிறப்புப் பதிவில் மட்டும் என் கருத்து மாறவில்லை. நூறு வருடம் நியாயமான கெடு.

---

#11 வேர்தேடி

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

இடுகாட்டு அலுவலகத்தில் ஒரு பெரியவர் ஏட்டை எடுத்து மேசையில் வைத்து, "நீங்களே பாருங்க" என்று விட்டுவிட்டார். மூன்றாவது நாள் பெயர் கிடைத்தது. நாங்கள் நினைத்த வருடத்துக்கு இரண்டு வருடம் முன்பே இறந்திருக்கிறார். அந்தத் தேதியோடு, பழைய_ஏடு ஐயா சொன்னபடியே "பக்கத்தின் முழு நகல்" என்று எழுதிக் கொடுத்தேன். விதி கேட்ட மனுவுக்கு வந்த பதிலில், இவ்வளவு பழைய இறப்புப் பதிவுக்கு உறவுச் சான்று தேவையில்லை என்று ஒரே வரியில் இருந்தது.

நகல் சென்ற வாரம் வந்தது. வயது, தொழில், காரணம் எல்லாம் சாய்ந்த கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதிய மாதிரி இருக்கிறது. தகவல் தந்தவர் கட்டத்தில் மட்டும் எழுதியவர் கொஞ்சம் நிதானித்திருக்கிறார் போல. ஒரு பெண் பெயர், பக்கத்தில் "இறந்தவரின் தங்கை, இறக்கும்போது உடனிருந்தவர்" என்று இருக்கிறது. கீழே கையெழுத்துக்குப் பதிலாக மையில் ஒரு பெருக்கல் குறி. ஒரு கோடு நீளம், ஒரு கோடு குட்டை. பேனா பிடித்துப் பழகாத கை.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் குறியை ரொம்ப நேரம் பார்த்தார். "பாட்டிக்குத் தங்கச்சி இருந்தாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

அந்தத் தங்கையின் முகவரியும் இருக்கிறது. அவருக்குத் திருமணம் ஆகியிருந்தால் அந்தப் பதிவில் தகப்பனார் பெயர் இருக்கும் அல்லவா? திருமணப் பதிவேட்டை மணமகள் பெயரில் தேட முடியுமா, அல்லது மணமகன் பெயர் தெரிந்தால்தான் முடியுமா?

---

#12 பழைய_ஏடு

தம்பி, அநேகமாக எல்லா இடத்திலும் இரண்டு பெயரிலும் அட்டவணை இருக்கும். மணமகள் பெயரில் கேளுங்கள், முகவரி இருக்கும் பகுதியின் பதிவு அலுவலகத்தில் முதலில். அக்கா இறந்த தேதிக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து வருடம் தேடச் சொல்லுங்கள். அந்த நகலில் அக்காவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருந்து, தங்கையுடையது அதிலிருந்து வேறாக இருந்தால், அன்றைக்கே அவருக்குத் திருமணம் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் அக்கா இறந்த தேதிக்கு முந்தைய வருடங்களை மட்டும் தேடினால் போதும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.